சொட்டுற இடம் வேற, ஓட்டை வேற



முருங்கை பறிப்பு பத்தி எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அது அடுத்த வாரம். இந்த வாரம் அந்த முருங்கையைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்கு ஓடுற வண்டி பத்தி எழுதறேன். எங்க ஊர்ல இப்ப மாட்டு வண்டி ஒண்ணுகூட கிடையாது. வீதிக்கு ரெண்டு பிக்அப் நிக்குது, பாதிக்கு மேல தவணை வண்டி. அதுல பல வண்டி நின்ன இடத்துல, முன்னாடி பக்கம் பார்த்தா தரையில ஒரு ஈரத் திட்டு இருக்கும். கேட்டா, "முன்னாடி ஏதோ ஒழுகுதுங்க, பட்டறையில விடணும்"னு சொல்லுவாங்க. அந்த "ஏதோ"வுலதான் காசு போகுது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். என்ன ஒழுகுது, எப்ப ஒழுகுது, முதல் ஈரம் எங்க இருக்குது, இந்த மூணும் தெரியாம வண்டியில ஒரு நட்டுகூட கழட்ட விடக் கூடாது. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்ற மெக்கானிக்குக் காசு குடுக்கவும் யோசிக்கக் கூடாது. ரெண்டாவது சொன்னதுக்கு நம்ம ஆளுங்க சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

என் மச்சான் வண்டிக் கதை இதுக்கு நல்ல உதாரணம். போன வருசம் ரேடியேட்டருக்கு அடியில பச்சைத் தண்ணி சொட்டுச்சு. பட்டறையில குனிஞ்சு பார்த்தாங்க, ரேடியேட்டர் முதுகு நனைஞ்சிருந்துச்சு, "ரேடியேட்டர் போச்சுங்க"ன்னு சொல்லி மாத்திட்டாங்க. கூலியோட சேர்த்து ஒம்பதாயிரம் ரூபாய். மூணாவது நாள் மறுபடியும் அதே இடத்துல சொட்டு. புதுசுதானே போட்டிருக்குதுன்னு மச்சான் அதைக் கண்டுக்காம முருங்கை லோடு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் கிளம்பிட்டான். பாதி வழியில சூட்டு முள்ளு மேல ஏறிடுச்சு. நல்ல வேளையா நிறுத்திட்டான், இல்லைன்னா இஞ்சினே போயிருக்கும். இன்னொரு வண்டி பிடிச்சு மூட்டையை மாத்தி மார்க்கெட் போறதுக்குள்ள ஏலம் முடிஞ்சு, மிச்ச விலைக்குத்தான் காய் போச்சு.

போயிருந்தது வாட்டர் பம்பு. பம்புக்குள்ள இருக்கிற சீல் தேஞ்சா, தண்ணி பேரிங்கைக் கெடுக்காம வெளிய வரட்டும்னு பம்பு உடம்புல அடிப்பக்கமா ஒரு சின்ன ஓட்டையைக் கம்பெனியே விட்டிருப்பாங்க. சீல் போயிடுச்சுன்னு நமக்குச் சொல்றதுக்குத்தான் அந்த ஓட்டை. அதுல வந்த தண்ணி கீழ ஓடுற பெல்ட் மேல விழுந்து, பெல்ட் அதை நாலு பக்கமும் விசிறி அடிச்சு, ரேடியேட்டர் முதுகை நனைச்சு, அங்கிருந்து வடிஞ்சு ரேடியேட்டருக்கு நேர் கீழ சொட்டியிருக்குது. ஈரம் இருந்த இடத்தைப் பார்த்தாங்களே தவிர, ஈரம் எங்கிருந்து கிளம்புச்சுன்னு பார்க்கல.

இது விவசாயிக்குப் புதுசா என்னங்க? பூமிக்கடியில போற பிவிசி பைப் உடைஞ்சா, தண்ணி உடைஞ்ச இடத்துக்கு நேர் மேல வருதா? பைப் போன பள்ளத்தோடவே இறங்கி, இருபது அடி தள்ளித் தாழ்வான இடத்துல ஊறி நிக்கும். ஈரமா இருக்கிற இடத்தைத் தோண்டுனா நல்ல பைப்தான் இருக்கும். மேட்டுப் பக்கமா போய்த் தோண்டணும்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். வண்டின்னு வந்துட்டா மட்டும் அந்தப் புத்தி எங்க போகுதோ தெரியல.

சரி, எப்படிப் பார்க்கறதுன்னு சொல்றேன். நான் படிச்சது பத்தாவது, மெக்கானிக் கிடையாது. பதினெட்டு வருசமா வண்டி வச்சு ஓட்டறவன், அவ்வளவுதான்.

முதல்ல மண் தரையில வண்டியை விட்டுப் பார்க்காதீங்க. மண்ணு எல்லாத்தையும் குடிச்சிட்டு எல்லாத்தையும் ஒரே கறையா காட்டும். சாயங்காலம் சமமான இடத்துல நிறுத்தி, மளிகைக் கடையில ஒரு பெரிய அட்டைப் பெட்டி வாங்கிப் பிரிச்சு, வெள்ளைப் பேப்பர் இருந்தா அதையும் மேல ஒட்டி, பம்பர்ல இருந்து டிரைவர் கால் வைக்கிற இடம் வரைக்கும் அடியில விரிச்சிடுங்க. எந்தப் பக்கம் முன்னாடி, டிரைவர் பக்க வீல் எங்கன்னு கரித்துண்டுல குறிச்சு வச்சுக்கங்க. காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி அட்டையைப் பாருங்க. சொட்டு எங்க, என்ன கலர், எத்தனை.

கலரை மட்டும் வச்சு முடிவு பண்ணிடக் கூடாது, ஆனா பாதி விசயம் அதுலயே தெரிஞ்சிடும். கூலண்ட்டா இருந்தா பச்சை, ரோஸ், ஆரஞ்சு, நீலம்னு ஏதாவது ஒரு சாயம் இருக்கும், தொட்டா லேசா வழுக்கும், ஒரு இனிப்பு வாசம் வரும். கூலண்ட் ஊத்தாம வெறும் தண்ணியிலயே ஓட்டுன வண்டின்னா துருத் தண்ணியா செம்மண் கலர்ல இருக்கும். டீசல் இஞ்சின் ஆயில் கருப்பு, அதுல சந்தேகமே வராது. பவர் ஸ்டீரிங் ஆயில் பல வண்டியில சிவப்பு, பழசானா பழுப்பாயிடும். அது குறைஞ்சா ஸ்டீரிங் ஒடிக்கும்போது முனகல் சத்தம் வரும். டீசலுக்கு வாசமே போதும். பிரேக் ஆயில் கிட்டத்தட்ட நிறமில்லாம, நல்லெண்ணெயைத் தண்ணி கலந்து நீர்த்த மாதிரி லேசான மஞ்சளா இருக்கும். ஏசி வண்டியா இருந்து, சுத்தமான தண்ணியா, வாசமில்லாம இருந்தா அது ஏசித் தண்ணி. அதுக்குப் பட்டறை போக வேண்டியதில்ல. ஏசித் தண்ணியைக் காட்டி ஆயிரம் ரூபாய் குடுத்துட்டு வந்த ஆளும் எங்க ஊர்ல இருக்காருங்க, பேரு சொல்ல மாட்டேன், படிக்கறாரு.

சந்தேகமா இருந்தா ஒரு சுலபமான சோதனை. ஒரு டம்ளர்ல (பழைய டம்ளர், திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது) தண்ணி எடுத்து அந்தச் சொட்டுல கொஞ்சம் விடுங்க. இஞ்சின் ஆயில், ஸ்டீரிங் ஆயில், டீசல் மூணும் மேல மிதக்கும். கூலண்ட்டும் பிரேக் ஆயிலும் தண்ணியோட கலந்துடும். இதுலயே ரெண்டு கூட்டமா பிரிஞ்சிடுது. நாக்குல வச்சு மட்டும் பார்த்துடாதீங்க. கூலண்ட் விசமுங்க. இனிப்பா இருக்கறதால நாய் நக்கும், நக்கினா கிட்னி போய்ச் செத்துடும். கன்னுக்குட்டி, கோழி எதுவும் அந்தப் பக்கம் போகாம பார்த்துக்கங்க. சொட்டுன இடத்துல நல்லா தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடுங்க. பழைய கூலண்ட்டை வாய்க்கால்ல ஊத்தறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும்.

பிரேக் ஆயில்தான் இதுல பயப்பட வேண்டியது. முன் வீல் உள்பக்கம் நனைஞ்சு டயர் ஓரமா கோடு இறங்கியிருந்தாலோ, டிரைவர் கால் பக்கம் பெயிண்ட் உரிஞ்ச மாதிரி இருந்தாலோ உடனே பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்க. அந்த ஆயில் பெயிண்ட்டைத் தின்னும், அதுவே ஒரு அடையாளம். கிளட்ச்சும் ஆயில்ல வேலை செய்யுற வண்டின்னா அங்கயும் அதே ஆயில்தான் இருக்கும், அதனால எதுன்னு பார்த்துப் பிரிச்சுக்கணும். பெடல் வழக்கத்தைவிட இறங்குதுன்னாலோ, டப்பாவுல அளவு குறைஞ்சிருந்தாலோ வண்டியை வாசலை விட்டு நகர்த்தாதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. காய் ஒரு நாள் வீணாப் போனா போகட்டும். நம்ம வண்டியில பின்னாடி காய் மட்டுமா போகுது? காலையில களை எடுக்கப் பத்து பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போறோம். சட்டப்படி ஏத்தவே கூடாது, ஆனா ஊர் ஊரா நடக்குது. எங்க ஊர் ஏரிக்கரை இறக்கத்துல பெடல் தரையோட ஒட்டிக்கிட்டா அந்தப் பத்துப் பேர் கதி என்ன?

அடுத்தது, எப்ப ஒழுகுதுங்கிறது. இதைப் பலபேர் கவனிக்கறதே இல்ல. மார்கழிக் குளிர்ல காலையில மட்டும் நாலு சொட்டு, வண்டி சூடானதும் நின்னு போகுதுன்னா, பெரும்பாலும் ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். குளிர்ல ரப்பர் சுருங்கி வழி விடும், சூட்டுல விரிஞ்சு அடைச்சுக்கும். அதுவே ஓடி வந்து நிறுத்துன பிறகு சொட்டுதுன்னா, உள்ள அழுத்தம் ஏறினப்புறம் வெளிய தள்ளுது. அப்ப ரேடியேட்டர் தையல், ஹோஸ் வெடிப்பு, பம்பு, இதெல்லாம் சந்தேகப் பட்டியல்ல வரும். ரேடியேட்டர் மூடியை மறந்துடாதீங்க. அது வெறும் மூடி இல்ல, அதுக்குள்ள ஸ்பிரிங் இருக்குது, குறிப்பிட்ட அழுத்தம் வரைக்கும் பிடிச்சு வைக்கறதுதான் அதோட வேலை. அழுத்தத்துல இருக்கிற தண்ணி சீக்கிரம் கொதிக்காது. மூடி ரப்பர் போச்சுன்னா தண்ணி ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளிக்கிட்டே போய் அங்க வழிஞ்சு கீழ சொட்டும். பார்க்கறவன் ரேடியேட்டர் ஓட்டைன்னு நினைப்பான். மூடி விலை ரேடியேட்டர் விலையில பத்துல ஒரு பங்குகூட வராது. ஆனா சூடா இருக்கும்போது மூடியில கை வைக்காதீங்க. பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு முகமே வெந்து போச்சு.

ரிசர்வ் டப்பாவுல மார்க்கர் பேனாவுல ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, தினமும் காலையில இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்க. ஒரு வாரத்துல அரை இஞ்ச் குறையுதா, ஒரு நாள்ல ரெண்டு இஞ்ச் குறையுதா? ரெண்டும் ஒண்ணு இல்ல. கீழ ஒரு சொட்டுகூட விழாம டப்பா மட்டும் குறைஞ்சுக்கிட்டே வந்தா அது வேற விசயம். ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி உள்பக்கம் பாருங்க, பால் கலந்த டீ மாதிரி கலங்கலா இருந்தா தண்ணி ஆயிலுக்குள்ள போகுது. புகைக்குழாயில வெள்ளைப் புகை நிக்காம வருதான்னும் பாருங்க. ஹெட் கேஸ்கட் வேலையா இருக்கலாம், அது பெரிய செலவு, அதுக்கு மேல வண்டியை ஓட்டாதீங்க.

மூணாவது, முதல் ஈரம். கீழயிருந்து மேல பாருங்க, பின்னாடியிருந்து முன்னாடி பாருங்க. தண்ணி கீழ இறங்கும், ஓடுற காத்து அதைப் பின்னாடி தள்ளும். அதனால நனைஞ்ச இடத்துலயே எது ரொம்ப மேல, ரொம்ப முன்னாடி இருக்குதோ அதுக்குப் பக்கத்துலதான் ஓட்டை. பழைய வண்டியில எல்லா இடமும் அழுக்கும் ஆயிலுமா இருக்கும், எது புதுசு எது பழசுன்னு தெரியாது. அதுக்கு இஞ்சின் குளிர்ந்தப்புறம் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட துணியில அந்த இடத்தை நல்லா துடைச்சு, வாசம் போகக் காய விட்டு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவி விடுங்க. பத்து நிமிசம் இஞ்சினை ஓட விட்டு, நிறுத்திட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பவுடர்ல ஈரக் கோடு எங்கிருந்து ஆரம்பிக்குதோ அதுதான் இடம். எங்க வீட்டுல பவுடர் டப்பாவைக் காணோம்னு ஒரு நாள் தேடுதல் வேட்டை நடந்துச்சு, அது வேற கதை. இஞ்சின் ஓடும்போது மட்டும் பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில படுக்கவும் கூடாது.

என் வண்டியில ரெண்டு மாசம் முன்னாடி இப்படித்தான் பார்த்தேன். சொட்டு விழுந்தது நடுவுல, சம்ப்புக்குக் கீழ. பவுடர்ல பார்த்தா மேல் ஹோஸ் இஞ்சினோட சேருற இடத்துல கிளிப் ஓரமா வெள்ளைப் பூத்து ஈரம். கிளிப் எழுபது ரூபாய், மாத்துனது நானே. கூலண்ட் காய்ஞ்சா இப்படி வெள்ளையாவோ பச்சையாவோ பூத்து நிக்கும். சொட்டு இல்லாத நாள்லயும் அந்தப் பூப்பு இடத்தைக் காட்டிக் குடுத்துடும்.

வெள்ளைப் பூப்புன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. சொட்டு நீர்க் குழாய் அடைச்சுக்குதுன்னு ஆசிட் விட்டுக் கழுவறோம் இல்லீங்களா? அதே தண்ணியைத்தான் ரேடியேட்டர்லயும் ஊத்தறோம். சொட்டுக் குழாயையே அடைக்கிற உப்பு, ரேடியேட்டருக்குள்ள இருக்கிற சன்னக் குழாயை விட்டு வைக்குமா? கூலண்ட் ஊத்துங்க, கலக்கறதுக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, எவ்வளவு கலக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கும். மஞ்சத்தூள் வைத்தியமும் அப்படித்தான். ரேடியேட்டர் ஒழுகுனா ரெண்டு கரண்டி மஞ்சத்தூள் போட்டா நின்னுடும்னு பெரியவங்க சொல்லுவாங்க. நிக்கும், பொய் இல்ல. ராத்திரி நேரத்துல நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா போட்டு வீடு வந்து சேருங்க. ஆனா ஓட்டையை மட்டும் பார்த்து அடைன்னு மஞ்சத்தூளுக்கு யார் சொல்லுவாங்க? நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவித் தள்ளிட்டு, ஓட்டையைச் சரி பண்ணணும். நம்ம ஆளுங்க அதோட ஆறு மாசம் ஓட்டறாங்க.

இப்ப மெக்கானிக் விசயத்துக்கு வர்றேன். மச்சான் கதையைக் கேட்டவங்க எல்லாரும் அந்தப் பட்டறைக்காரரைத்தான் திட்டுனாங்க. நான் முழுசா அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் முன்னாடி அன்னிக்கு எட்டு வண்டி நிக்குது. இவன் போய், "ஒழுகுது, சீக்கிரம் பாருங்க, மத்தியானம் லோடு இருக்குது"ன்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போயிட்டான். துடைச்சு, காய வச்சு, ஓட விட்டுப் பார்க்க அவருக்கு முக்கா மணி நேரம் ஆகும். பார்த்துட்டு, "கிளிப் லூசுங்க, டைட் பண்ணிட்டேன், முன்னூறு ரூபாய் குடுங்க"ன்னு சொன்னா நாம குடுப்போமா? "ஸ்குரூ திருகுனதுக்கு முன்னூறா?"ன்னு ஊரே கேக்கும். ரேடியேட்டர் மாத்துனா மட்டும் ஒம்பதாயிரத்தைப் பேசாம எண்ணி வைப்போம். அப்ப அவர் எதைச் செய்வாரு? பொருள் மாத்துனாத்தான் அவருக்குக் கூலி, நாமதான் அப்படிப் பழக்கி வச்சிருக்கோம்.

மாட்டுக்கு வயித்தால போனா டாக்டர் வந்து சாணி என்ன கலரு, எப்ப இருந்து, தீனி என்ன போட்டேன்னு கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒரு ஊசி போடறாரு. நாம குடுக்கற காசு ஊசிக்கா, பார்த்ததுக்கா? பார்த்ததுக்குத்தான். அதே மரியாதை மெக்கானிக்குக் குடுத்தா என்னங்க? ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்துல மாட்டிக் கையால காத்தடிச்சு, அழுத்தம் நிக்குதா இறங்குதான்னு பார்க்கற பம்பு ஒண்ணு இருக்குது, சைக்கிள் பம்பு மாதிரிதான். அதை மாட்டுனா இஞ்சினை ஓட்டாமலே ஓட்டை எங்கன்னு தெரியும். எங்க பக்கம் ஒரு தம்பி அதை வாங்கி வச்சுட்டு, பார்த்துச் சொல்றதுக்கு முன்னூறு ரூபாய்னு போர்டு எழுதிப் போட்டாப்ல. முதல் ரெண்டு மாசம் எல்லாரும் சிரிச்சாங்க. என் மச்சானும்தான் சிரிச்சான். வாட்டர் பம்பு போனதைக் கடைசியில கண்டுபிடிச்சுக் குடுத்தது அந்தத் தம்பிதான்.

அதனால பட்டறைக்குப் போகும்போது அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போங்க. "தம்பி, பச்சைத் தண்ணி, ஓடி வந்து நின்னப்புறம்தான் சொட்டுது, ரெண்டு நாள்ல டப்பாவுல ஒரு இஞ்ச் குறையுது, ஈரம் பம்பு பக்கம் ஆரம்பிக்குது, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, பார்த்ததுக்கு என்னவோ குடுத்துடறேன்"னு சொல்லிப் பாருங்க. அவர் உங்ககிட்டப் பேசற விதமே மாறும். ஏதாவது மாத்தறேன்னு சொன்னா, எங்கிருந்து ஒழுகுதுன்னு காட்டச் சொல்லிக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க. பழைய சாமானைக் கையில வாங்கிக்கங்க. காட்ட முடியாதுன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு அடுத்த பட்டறைக்குப் போங்க, ஆனா பிரேக் ஆயில்னா மட்டும் ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாது.

என் வண்டியில ஸ்டீரிங் ஆயில் ஹோஸ் பக்கம் லேசா ஒரு கசிவு தெரியுது. சொட்டு இன்னும் விழல, அட்டை சுத்தமா இருக்குது. டப்பாவுல கோடு போட்டு வச்சிருக்கேன், பறிப்பு முடியற வரைக்கும் பார்ப்போம். உங்க வண்டியில என்ன கலர்னு எழுதுங்க. அடுத்த வாரம் முருங்கை.